ஓஸ்லோ பணமும் ஏற்காடு பட்டாவும்

2019 ஆகஸ்ட். அமேசான் காடு எரியும் காட்சிகள் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்த மாதம். காட்டழிப்பு கூடிக்கொண்டே போகிறது என்று சொல்லி, பிரேசிலுக்குக் கொடுக்கவிருந்த சுற்றுச்சூழல் நிதியில் ஒரு பகுதியை ஜெர்மனி நிறுத்தியது. சில நாட்களில் நார்வேயும் கையை இறுக்கியது. அப்போதைய பிரேசில் அதிபர் ஜெயிர் பொல்சனாரோ இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. அந்தப் பணத்தைக் கொண்டுபோய் ஜெர்மனியிலேயே மரம் நட்டுக்கொள்ளட்டும் என்று அங்கேலா மெர்கலுக்குப் பதில் சொன்னார். வடதுருவப் பக்கம் திமிங்கிலத்தைக் கொல்கிற, எண்ணெய் தோண்டுகிற நார்வேயா எங்களுக்குப் புத்தி சொல்வது என்று கேட்டார். கையோடு ஒரு திமிங்கில வேட்டை வீடியோவையும் வெளியிட்டார். அது நார்வேயில் எடுத்ததே இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளில் எடுத்தது.

வீடியோதான் தப்பு. கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நார்வேயின் செல்வம் வடகடலின் எண்ணெயிலும் எரிவாயுவிலும் வந்தது. அந்நாட்டு அரசு மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கும் அலுமினிய நிறுவனத்தின் ஆலை ஒன்று அமேசான் கழிமுகத்தில், பார்கரேனாவில் இருக்கிறது. 2018-ல் பெருமழையின்போது சுத்திகரிக்காத தண்ணீரை வெளியே விட்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது அந்த நிறுவனம். காட்டைக் காக்கப் பணம் கொடுத்த அரசுக்கே அந்த ஆலையிலும் பங்கு!

தன் நிலத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு நாட்டுக்கு இன்னொரு நாடு சொல்லலாமா? சொன்னால் நடக்குமா? நடந்தால் யார் செலவில்? பிரேசிலில் ஆரம்பித்த இந்தக் கேள்வி இப்போது சேர்வராயன் மலையில் இரண்டு ஏக்கர் காபி வைத்திருப்பவர் வாசல்வரை வந்து நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காட்டழிப்புத் தடைச் சட்டம் அதைக் கொண்டுவந்திருக்கிறது. அதற்கு வருமுன் அமேசானிலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். இந்த விவகாரத்தில் எது பலிக்கும், எது பலிக்காது என்பதற்கு அங்கே கிடைக்கிற அளவுக்குச் சாட்சி வேறெங்கும் கிடைக்காது.

பணம் வருவதற்கு முன்பே

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, அமேசானில் ஆண்டுதோறும் எவ்வளவு காடு போகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுக்கிறது. 2004-ல் போனது 27,772 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே வருடத்தில். 2012-ல் அது 4,571 ஆக இறங்கியது. வெப்பமண்டல நாடு எதுவும் அதற்குமுன் இப்படியொரு இறக்கத்தைக் காட்டியதில்லை.

நார்வேயின் பணம்தான் இதைச் சாதித்தது என்று ஐரோப்பியத் தலைநகரங்களில் பேசப்படுவதுண்டு. தேதிகளைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. ஆண்டுக்கு 300 கோடி குரோனர் வரை காடுகளுக்குத் தருவோம் என்று நார்வே பிரதமர் ஸ்டோல்டன்பர்க் அறிவித்தது 2007 டிசம்பரில், பாலித் தீவில் நடந்த காலநிலை மாநாட்டில். பிரேசில் 'அமேசான் நிதி'யை உருவாக்கியது 2008 ஆகஸ்டில். ஆனால் 2007-லேயே காட்டழிப்பு 11,651 சதுர கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. முதல் காசு வருமுன்பே பாதிக்கும் கீழ்.

அப்படியானால் யார் செய்தது? 2003-ல் லூலா அதிபரானதும் சுற்றுச்சூழல் அமைச்சரானவர் மரினா சில்வா. ஆக்ரே மாநிலத்தில் ரப்பர் பால் வடிக்கும் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவர். 1988 டிசம்பரில் ஷாபுரி ஊரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட ரப்பர் தொழிற்சங்கத் தலைவர் சீக்கோ மென்டெஸின் தோழர். அந்த மென்டெஸ் 1987-ல் மயாமியில் நடந்த அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கிக் கூட்டத்துக்கே போய், காட்டைப் பிளந்து போடப்பட்ட நெடுஞ்சாலைக்குக் கடன் தரக்கூடாது என்று வாதாடினார், கடன் நிறுத்தப்பட்டது. பணக்கார நாடு ஏழை நாட்டுக்கு உத்தரவிடுகிற கதையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ரப்பர் பால் வடிக்கிறவர் வெளிநாட்டு வங்கியை நிறுத்திவைத்த கதையும் இதே கணக்கில்தான் சேரும்.

மரினா காலத்தில் 2004-ல் தொடங்கிய திட்டத்தின் முதுகெலும்பு சாதாரணமானது. செயற்கைக்கோள் புதிதாக மரம் விழுந்த இடத்தைக் கண்டதும் எச்சரிக்கை போகும். இபாமா என்ற அமலாக்கத் துறையின் ஆட்கள் ஜீப்பிலும் ஹெலிகாப்டரிலும் போய் இறங்குவார்கள். அபராதம் போடுவார்கள், மரத்தைப் பறிமுதல் செய்வார்கள், நிலத்துக்கு முடக்க ஆணை ஒட்டுவார்கள். 2008-ல் மத்திய வங்கியும் சேர்ந்துகொண்டது: அமேசான் பகுதியில் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு உட்பட்டதாகக் காட்டாத பண்ணைக்கு விவசாயக் கடன் கிடையாது. பெரும் பண்ணையாருக்கு வலித்தது அபராதத்தைவிட இதுதான். அபராதத்தை வருடக்கணக்கில் கட்டாமல் இழுத்தடிக்கலாம். விதைப்புக்குக் கடன் இல்லையென்றால் அந்தப் பருவமே போச்சு.

எளிதாக நடக்கவில்லை. பாரா மாநிலத்தின் பரகொமினாஸ் மரவாடிகளும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த ஊர். அதிகமாகக் காடழிக்கும் நகராட்சிகளின் கறுப்புப் பட்டியலில் மத்திய அரசு அதைச் சேர்த்தது. 2008 நவம்பரில் ஒரு கும்பல் அங்கிருந்த இபாமா அலுவலகத்துக்குத் தீ வைத்தது. பறிமுதல் செய்த மரங்களோடு நின்ற லாரிகளை ஓட்டிக்கொண்டு போனது. அதே ஊர்தான் பண்ணைகளை அளந்து பதிவுசெய்து, 2010-ல் அந்தப் பட்டியலிலிருந்து முதலாவதாக வெளியே வந்தது. மனம் திருந்தினார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கடனும் சந்தையும் அடைபட்ட ஊருக்கு வேறு வழியில்லாமல் போனது என்பதே பொருத்தம்.

சந்தை என்ற இடத்தில் வெளிநாட்டின் கை நிஜமாகவே தெரிகிறது. அமேசானில் விளையும் சோயா ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, கோழித் தீவனமாகி, துரித உணவுக் கடைகளில் வறுத்த கோழியாகிறது என்று 2006 ஏப்ரலில் கிரீன்பீஸ் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடைக்காரர்களுக்கு மானப் பிரச்சினை. அதே வருடம் ஜூலையில், புதிதாகக் காடழித்த நிலத்தின் சோயாவை வாங்க மாட்டோம் என்று பெரிய வியாபாரிகள் ஒப்பந்தம் செய்தார்கள். அதற்குமுன் அமேசானில் சோயா பரவிய நிலத்தில் ஏறக்குறைய 30 சதவிகிதம் புதிதாக வெட்டிய காடு. சில ஆண்டுகளில் அது ஒரு சதவிகித அளவுக்கு வந்தது. ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த செராடோ புல்வெளிக் காடுகளின் பக்கம் சோயா நகர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2025-ல் பிரேசிலின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பே இந்த ஒப்பந்தத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

அமேசான் நிதிக்கு நார்வே கொடுத்த 120 கோடி டாலர் வீண் என்று சொல்ல வரவில்லை. நிதியை நடத்தியது பிரேசிலின் தேசிய வளர்ச்சி வங்கி. எதற்குச் செலவழிப்பது என்பதையும் பிரேசில்காரர்களே முடிவு செய்தார்கள். 1996 முதல் 2005 வரையிலான சராசரியைவிட எவ்வளவு குறைத்தார்களோ, அந்த அளவு கரியமில வாயுவுக்கு டன்னுக்கு 5 டாலர் என்ற கணக்கு. அந்தப் பணம் தீயணைப்புக் குழுக்களுக்கும், நிலப் பதிவேட்டுக்கும், பின்னாளில் இபாமாவின் வாகன, ஹெலிகாப்டர் வாடகைக்கும் போனது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு டீசல். வண்டியை நிறுத்த நினைத்தவர் ஆட்சிக்கு வந்ததும் டீசல் உதவவில்லை. பொல்சனாரோ 2019-ல் நிதியின் வழிகாட்டும் குழுக்களைக் கலைத்தார், இபாமாவை முடக்கினார். 2021-ல் காட்டழிப்பு 13,038 சதுர கிலோமீட்டருக்குத் திரும்பியது. 2023 ஜனவரி முதல் தேதி லூலா மறுபடி பதவியேற்றார், மரினா மறுபடி அமைச்சரானார், நிதியும் உயிர்பெற்றது, 2024-ல் காட்டழிப்பு 6,288. இந்த ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்தது பிரேசிலின் வாக்குச்சாவடிதான்.

ஒத்துப்போகாத வரைபடங்கள்

இதே நார்வே, இதே பாணியில், இந்தோனேசியாவோடு 2010 மே மாதம் ஓஸ்லோவில் 100 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. முதல் நிபந்தனைகளில் ஒன்று, கன்னிக் காடுகளிலும் கரிச்சதுப்பு நிலங்களிலும் புது உரிமம் கொடுப்பதை நிறுத்துவது. நிறுத்தலாம், ஆனால் கன்னிக் காடு எங்கே இருக்கிறது? அதிபர் யுதயோனோவின் கண்காணிப்புப் பிரிவு கேட்டபோது வனத்துறை ஒரு வரைபடத்தையும் சுற்றுச்சூழல் அமைச்சகம் இன்னொன்றையும் காட்டின. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரே நாட்டில், ஒரே அரசாங்கத்தில், ஒரே காட்டுக்கு இரண்டு எல்லை! அதிலிருந்து பிறந்ததுதான் 'ஒரே வரைபடம்' என்ற கொள்கை. அந்த ஒப்பந்தம் இந்தோனேசியாவுக்குச் செய்த மிகப் பெரிய உதவி இந்தச் சங்கடம்தான் என்பது என் கணிப்பு.

புது உரிமத் தடை 2011 மே மாதம் வந்தது, 2019-ல் நிரந்தரமானது. நடுவில் 2015-ல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்து சிங்கப்பூர்வரை புகை மூட்டியது. ஏற்கெனவே கொடுத்த உரிமங்களைத் தடை தொடவில்லை, சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தது அப்படியே இருந்தது. குறைப்புக்கான பணமோ வரவே இல்லை. 2016-17-ல் காட்டழிப்பைக் குறைத்த அளவுக்கு 5.6 கோடி டாலர் என்று 2019-ல் கணக்குப் போட்டார்கள், கொடுப்பதில் இழுபறி. 2021 செப்டம்பரில் இந்தோனேசியா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு புது ஒப்பந்தம் போட்டு அந்தத் தொகையைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது, சொன்னதில் பதினெட்டில் ஒரு பங்கு.

பான் நகரத்திலிருந்து பர்மாவுக்கு

நாடு விட்டு நாடு போகும் காட்டுச் சட்டம் நம் காலத்துப் புதுமை அல்ல. ஜெர்மனியின் பான் நகரத்துத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ், 1856-ல் பர்மாவின் தேக்குக் காடுகளைக் கவனிக்க ஆங்கிலேயரால் அழைக்கப்பட்டார். 1864-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர். அவருக்குப் பின் வந்த இருவரும் ஜெர்மானியர்களே. மரத்தை எண்ணி, அளந்து, வயது பார்த்து வெட்டுகிற ஜெர்மன் முறை இப்படித்தான் நம் காடுகளுக்கு வந்தது. அமெரிக்க வனத்துறையை 1905-ல் தொடங்கி நடத்திய கிஃபர்ட் பின்ஷாட், இளைஞராக ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனபோது யோசனை கேட்டது, ஓய்வுபெற்று ஜெர்மனி திரும்பியிருந்த இதே பிராண்டிஸிடம். ஆக, அமெரிக்கக் காட்டு நிர்வாகத்தில் கொஞ்சம் பர்மாத் தேக்கும் கலந்திருக்கிறது.

கூடவே வந்தது இன்னொன்று: ஊர்க்காரன் காட்டுக்குள் வந்தால் குற்றவாளி என்ற எண்ணம். 1878 இந்திய வனச் சட்டம் அதைச் சட்டமாக்கியது. இதை அப்படியே ஏற்க மறுத்தது சென்னை மாகாணம். காடுகளில் கிராமத்தாருக்குத் தலைமுறை தலைமுறையாக உரிமை இருக்கிறது, எல்லாம் சர்க்கார் சொத்து என்று எழுதிவிட முடியாது என்று வாதாடியது சென்னை வருவாய் வாரியம். வெள்ளைக்கார அதிகாரிகளேதான். 1882-ல் சென்னைக்குத் தனி வனச் சட்டம் வந்தது; காலப்போக்கில் அதுவும் காப்புக்காட்டு எல்லைக் கற்களாகத்தான் முடிந்தது என்றாலும், வந்த சட்டத்தை வாங்கி அப்படியே தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அன்றைக்கே ஒரு மாகாணம் காட்டியிருக்கிறது.

தேசியப் பூங்காவின் கதையும் இதேதான். 1872-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன். அங்கு வாழ்ந்த ஷோஷோனி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் 1919-ல் அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களைப் பார்த்துவிட்டுப் போனார். 1925-ல் பெல்ஜியத்தின் காங்கோக் குடியேற்றத்தில் அவர் பெயரில் பூங்கா. ஆளில்லாத காடுதான் அசல் காடு என்ற நினைப்பு கண்டம் கண்டமாகப் பயணம் செய்தது. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம், அடுத்த ஆண்டு புலிகள் திட்டம். 1969-ல் டெல்லியில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பேரவை புலிக்காகக் குரல் கொடுத்ததும் அதற்கொரு தூண்டுகோல். புலி பிழைத்தது. காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் உரிமை உண்டு என்று எழுத 2006-ன் வன உரிமைச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சின்ன நாடுகளும் வழிகாட்டியிருக்கின்றன. கோஸ்டா ரிகா 1996-ல் சட்டம் போட்டு, பெட்ரோல் வரியில் ஒரு பங்கை எடுத்து, மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்குக் கொடுத்தது. எண்பதுகளில் நாட்டின் பரப்பில் கால்வாசியாகச் சுருங்கியிருந்த காடு இன்று பாதிக்கும் மேல். மாட்டிறைச்சி விலை விழுந்ததால் மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டதற்கும் இதில் பங்கு உண்டு. மெக்ஸிகோவும் வியட்நாமும் இதே போன்ற திட்டங்களைத் தங்களுக்கேற்ப வகுத்துக்கொண்டன. 2025 நவம்பரில் பெலெம் காலநிலை மாநாட்டில் பிரேசில் தொடங்கிய வெப்பமண்டலக் காடுகள் நிதியும் இந்த வழிதான்: நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 டாலர், அதில் ஐந்தில் ஒரு பங்கு பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும். நார்வே 300 கோடி டாலர் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இம்முறை விதியை எழுதியது காடு வைத்திருக்கும் நாடு. திரட்ட நினைக்கும் 12,500 கோடி டாலர் சேருமா என்பது வேறு விஷயம்.

ஆறு தசமப் புள்ளிகள்

இனி சேர்வராயன் மலையின் ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி ஏறிய மலை. இங்கே காபி வெயிலில் வளர்வதில்லை. மேலே சில்வர் ஓக் நிழல் (அதுவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம்), அதன் மேல் மிளகுக் கொடி, நடுநடுவே பலா, ஆரஞ்சு, கீழே காபிச் செடி. மேலிருந்து செயற்கைக்கோள் பார்த்தால் காடு மாதிரிதான் தெரியும்.

2023-ல் நிறைவேறிய ஐரோப்பியச் சட்டம் சொல்வது இது. மாடு, கோகோ, காபி, பனை எண்ணெய், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து செய்த பொருட்களும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்திருக்கக் கூடாது. விளைந்த துண்டு நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆறு தசமப் புள்ளிவரை வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் நிலத்தின் எல்லை முழுவதையும் கோடு கோடாக வரைந்து தர வேண்டும். 2024 இறுதியில் நடைமுறைக்கு வர வேண்டியது. இரண்டு முறை தள்ளிப்போய், இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஐரோப்பியர்கள் குடிக்கும் காபியாலும் தின்னும் சாக்லேட்டாலும் வேறொருவர் காடு அழிகிறது. வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது சட்டம். பணம் தருவேன் என்று சொல்லிப் பத்து வருடம் இழுப்பதைவிட இது நேர்மையானது. செலவு யார் தலையில் என்று பார்க்கும்போதுதான் உறுத்துகிறது. 2025 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் நாடுகளைத் தரம் பிரித்தது. அதிக ஆபத்து நாடுகள் நான்கே நான்கு: ரஷ்யா, பெலாரஸ், வடகொரியா, மியான்மர். பிரேசிலும் இந்தோனேசியாவும் நடுத்தரம். இந்தியா குறைந்த ஆபத்து. சோதனை குறையும், நிலத்தின் இருப்பிடக் குறியீடு கொடுப்பதிலிருந்து விலக்கு இல்லை. 2025 இறுதியில் வந்த திருத்தம், விளைவித்ததைத் தானே ஐரோப்பியச் சந்தையில் விற்கிற சிறு உற்பத்தியாளருக்கு ஒருமுறை அறிவித்தால் போதும் என்று தளர்த்தியது. அந்தச் சலுகை பெரும்பாலும் ஐரோப்பாவின் சொந்த விவசாயிக்குத்தான் பயன்படும். நம் ஊர்க்காரர் வியாபாரிக்கு விற்று, அவர் கொட்டையைத் தோல் நீக்கிப் பதப்படுத்தும் க்யூரிங் ஆலைக்கு விற்று, அங்கிருந்து ஏற்றுமதியாளர் வழியாகப் போகும் கொட்டைக்குக் குறியீடு வேண்டும். நூறு பேர் கொட்டையும் ஒன்றாகக் கலந்த மூட்டைகளில் ஒரு நிலத்தின் குறியீடு இல்லையென்றால் மொத்தச் சரக்குக்கும் சிக்கல்.

இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. முதல் வாடிக்கையாளர் இத்தாலி. தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை சிறு விவசாயிகளுடையவை. மலையில் ஒரு துண்டு நிலத்தின் காகிதத்தை நினைத்துப் பாருங்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். அல்லது நான்கு பங்காளிகளின் கூட்டுப்பட்டா, உட்பிரிவு ஆகியிருக்காது. சர்வே எண்ணின் புலப்படம் ஒரு எல்லையைச் சொல்லும், வேலி இன்னொரு இடத்தில் இருக்கும். அடர்ந்த நிழலில் செல்போன் ஜிபிஎஸ் பத்தடி இருபதடி தள்ளிக் காட்டும். போதாததற்கு, செயற்கைக்கோள் வரைபடத்தில் நிழல் தோட்டம் காடாகப் பதிவாகியிருந்தால், கவாத்துக்கு வெட்டிய சில்வர் ஓக் காட்டழிப்பாகத் தெரியக்கூடும். தோட்டத்துக்குள் நிற்கும் நிழல் மரத்தைக் காடாகக் கருதுவதில்லை என்று சட்டமே சொல்கிறது. அதை நிரூபிக்கும் காகிதம் யாரிடம் இருக்கிறது? இந்தோனேசியாவின் இரண்டு வரைபடச் சங்கடம் இங்கே ஒவ்வொரு சர்வே எண்ணிலும் உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சமாளிக்க முடியாத சிறு விவசாயி என்ன செய்வார்? உள்ளூர்ச் சந்தையில் குறைந்த விலைக்குத் தள்ளுவார். அதுவும் கட்டாவிட்டால் நிழல் மரத்தை விற்றுவிட்டு, நிலத்தை ரிசார்ட்டுக்குக் கொடுப்பார். காட்டைக் காக்க வந்த சட்டத்தால் மலையில் கான்கிரீட் முளைத்தால் பிரஸ்ஸல்ஸில் யாரும் அதைக் கணக்கெடுக்கப் போவதில்லை.

ஐரோப்பாவைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் பயனில்லை. பிரேசில் தன் செயற்கைக்கோளையும் தன் வங்கியையும் வைத்துத் தன் கணக்கைத் தானே எழுதியதால்தான் வெளிநாட்டோடு சமமாகப் பேச முடிந்தது. நம்மிடம் காபி வாரியம் இருக்கிறது, விவசாயிகளைச் செயலியில் பதியும் வேலையையும் அது தொடங்கியிருக்கிறது. வருவாய்த் துறையிடம் சர்வேயர்கள் இருக்கிறார்கள், புலப்படங்கள் இருக்கின்றன. ஏற்காடு, தாண்டிக்குடி, நீலகிரி, வால்பாறைப் பகுதிகளில் காபி நிலங்களை இந்த இரண்டு துறைகளும் சேர்ந்து, அரசுச் செலவில், கூட்டுப்பட்டா உட்பிரிவோடு அளந்து கொடுக்க வேண்டும். தரகரிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று விவசாயி கொடுக்கும் நிலை வரக் கூடாது. காபி விவசாயிகள் தங்கள் பகுதிக் காபி வாரிய அலுவலகத்தில் பதிவை இப்போதே செய்துகொள்ளுங்கள். மூன்றாவது முறையும் தேதி தள்ளிப்போகும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.